கொலினுக்குத் தெரிந்த பெயர்

கேதீஸ்வரனை மெல்பேர்ணில் டண்டினொங் பக்கத்துத் தமிழ்ச்சனம் "ஆமிக் கேதீஸ்" என்றுதான் சொல்லும். முன்னால் சொல்லாது, பின்னால் சொல்லும். ஆள் முழுநேர ஆமி இல்லை. கிழமை நாட்களில் ஒரு பெரிய வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறவர். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களிலும் சில சனி ஞாயிறுகளிலும் பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டு இந்த நாட்டுப் படைக்கு லொறி ஓடப் போவார். வருசத்தில் ஒருமுறை பெரிய காம்ப் இருக்கும். ரிசேர்வ் என்று அதற்குப் பெயர். வெள்ளம், காட்டுத்தீ என்று வந்தால் இவர்களையும் கூப்பிடுவார்கள்.

பார்த்தால் ஆமி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மெலிந்த உடம்பு. முன்பக்கம் தலைமயிர் கொட்டிவிட்டது. கோயிலில் அன்னதானத்துக்கு நின்றால் பின்னால் வருகிற எல்லாரையும் முன்னுக்கு விட்டுவிட்டு, கடைசியில் வெறும் சோறும் ரசமும் வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் இருப்பார். கதை குறைவு. "ஓம்", "இல்லை", "பாப்பம்". இவ்வளவோடு ஒரு கலியாண வீட்டை முடித்துக்கொண்டு வந்துவிடுவார்.

இவருடைய கதையை எழுதவேண்டும் என்றால் முக்கால்வாசியும் மனைவி வசந்தினியின் எரிச்சலைத்தான் எழுதவேண்டும். அவள் எனக்குக் கோயிலில் பழக்கம்; கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ அக்கா, எனக்கென்ன வெக்கம். எரிச்சல் பட்டனான்தான். இப்பவும் படுறன்தான்" என்றாள்.

கேதீஸ் பிறந்தது கிளிநொச்சிப் பக்கம். சண்டைக்குள் இடம்பெயர்ந்து அக்கராயன், பிறகு மல்லாவி என்று காடும் ரோட்டுமாக வளர்ந்தவர். தகப்பன் முதலில் போனார். தாய் மூன்று வருசம் கழித்துப் போனா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை உறவுக்காரர் கூப்பிடுகிற விசா ஒன்று இருக்கிறது. அதில்தான் தாய்மாமன் அரியரத்தினம் இவரை மெல்பேர்ணுக்கு எடுத்தார். வரும்போது வயது பதினாறு. மாமாவின் கராஜில் கட்டில் போட்டுப் படுத்து, இங்கிலீஷ் படித்து, பள்ளிக்கூடம் முடிந்த கையோடு வேலைக்குப் போனவர்.

பெண் பார்த்தது வவுனியாவில். "மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவை எத்தினை பேர்?" என்று பெண் வீட்டார் கேட்டார்கள். "பொடியன் தனி. ஒருத்தரும் இல்லை" என்று மாமா சொன்னார். மற்றப் பெண்களென்றால் பாவம், உறவில்லாத பொடியன் என்று யோசித்திருப்பார்கள். வசந்தினிக்கு அந்தப் பதில்தான் பிடித்துக்கொண்டது.

"மாமியும் இல்லை, மச்சாளும் இல்லை. இனி இந்த மனுசனிலை பங்கு கேக்க ஆரும் வரமாட்டினம் எண்டு சந்தோசமாய் வந்தனான் அக்கா."

வந்தாள். வீடு வாங்கினார்கள். ஆரணி பிறந்தாள். காடெல்லாம் எரிந்து மெல்பேர்ண் முழுக்கப் புகை மணந்த அந்தக் கோடையில் கேதீஸ் ஒருநாள் வேலையால் வந்து, "நான் ரிசேர்விலை சேரப்போறன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "லொறி ஓட விருப்பம்" என்றார். அவ்வளவுதான்.

மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்று கத்தினார். "அங்கை ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை நீ ஆமியிலை போய்ச் சேருறியோ? உனக்கு மூளை கலங்கிப்போச்சோ?"

"இது வேறை மாமா."

"என்ன வேறை? உடுப்பு ஒண்டுதானே!"

உடுப்பைப் பார்க்க வசந்தினிக்கும் பயம்தான். முதல் நாள் கேதீஸ் அதைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தபோது கையில் இருந்த அகப்பையை விட்டுவிட்டாள். துவைத்தால் வெளியில் காயப்போடமாட்டாள், கராஜுக்குள்தான். பக்கத்துத் தமிழ் வீட்டுக்காரர் கண்டால் என்ன சொல்லுவார்களோ என்று. ஆனால் பயம் ஒரு வருசத்தில் தேய்ந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் தேயவில்லை.

வடக்குப் பக்கம் ஆறுகள் பெருகி ஊர்கள் மூழ்கின வருசம், கேதீஸை மண்மூட்டை ஏற்றக் கூப்பிட்டார்கள். திரும்பி வர நாளாகிவிட்டது. வந்த பிறகு படைக்காரரின் குடும்பங்களையெல்லாம் அழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்தார்கள். வசந்தினி நல்ல சேலை கட்டி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேதான் கண்டாள்.

சொசேஜ் சுடுகிற அடுப்புக்குப் பக்கத்தில் கேதீஸ் நிற்கிறார். சுற்றிவர வெள்ளைக்காரப் பொடியள், பெண் பிள்ளைகள். இவர் தங்கள் சார்ஜன்ட் எப்படி நடப்பார் என்று நடந்து காட்டுகிறார். வயிற்றைத் தள்ளி, காலை அகட்டி, கையில் இருந்த இடுக்கியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இவரும் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறார்.

"எனக்கு அந்த மனுசனைத் தெரியாது அக்கா" என்றாள். "என்ரை வீட்டிலை இருக்கிறது வேறை ஆள்."

அப்போது ஒரு பெரிய ஆள் வந்து கையை நீட்டினார். கொலின். பக்கென்ஹாமில் பிளம்பர். ஐம்பது தாண்டியவர், இவரைப் போலவே பகுதிநேரம். லொறியில் கேதீஸுக்குப் பக்கத்து சீற்றில் இருக்கிறவர். தூர ஓட்டமென்றால் இரண்டு பேர் மாறி மாறி ஓடவேண்டும்.

"நீங்கள்தானே வசந்தினி? கேத் எப்பவும் உங்களைப் பற்றித்தான் சொல்லுவார்" என்றார் இங்கிலீஷில்.

கேத்! இத்தனை வருசமாக இவள் "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுகிறாள். இந்த மனுசன் பெயரையே பாதியாக வெட்டி வைத்திருக்கிறார்.

அன்றைக்குப் பிடித்தது அந்த எரிச்சல். கொலின் ஒரு பெண்ணாக இருந்திருந்தால் என்ன செய்வதென்று எல்லாருக்கும் தெரியும். நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். ஒரு பிளம்பரைப் பார்த்து எரிச்சல் படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? என்னிடம்தான் சொன்னாள். கொலினின் மனைவி பிளம்ஸ் பழத்தில் ஜாம் செய்து அனுப்புவா. வசந்தினி அதைத் திறக்காமலே கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். நல்ல ஜாம். நான் சாப்பிட்டேன். கொலின் தன் தோட்டத்துத் தக்காளி கொடுத்தால் அது குசினி மூலையில் கிடந்து அழுகும். செவ்வாய்க்கிழமைகளில் வேண்டுமென்றே கேதீஸுக்கு விருப்பமான கூழ் காய்ச்சுவாள், மனுசன் சாப்பிட்ட களைப்பில் படுத்துவிடுவார் என்று. அவர் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு, போட்டு வாறன்" என்று வெளிக்கிட்டுவிடுவார். வாசலில் கொலினின் வாகனம் நிற்கும்.

ஒன்றைச் சொல்லவேண்டும். வசந்தினிக்குக் கோபம் வந்தால் ஏசமாட்டாள். வாயை மூடிவிடுவாள். சோற்றைப் போட்டு மேசையில் வைப்பாள், தேத்தண்ணி ஊற்றி வைப்பாள், ஒரு சொல் வராது. முகம் மட்டும் நீண்டு கிடக்கும். நாள் கணக்கில் கிடக்கும். அவள் பேசாமல் இருக்க இருக்க, கேதீஸ் வெளியில் போகிற நாட்கள் கூடிக்கொண்டு வந்தன. முதலில் செவ்வாய் மட்டும். பிறகு லொறி கழுவ என்று வியாழனும். அவர் போகப் போக இவள் வாய் இன்னும் இறுகியது.

கடைசியில் ஒரு யோசனை செய்தாள். அது நல்ல யோசனை இல்லை. கொலினை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"உறைப்புப் போட்டு அனுப்புறன் பாருங்கோ. இனி இந்த வாசலுக்கு வரமாட்டார்" என்றாள் என்னிடம். ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் அவளிடம் இருந்தது. நண்டுக்கறி வைத்தாள். பக்கத்தில் நின்றாலே கண் எரியும்.

கொலின் வந்தார், கதிரையில் இருந்தார், சாப்பிட்டார். முகம் சிவந்தது. பிறகு காது சிவந்தது. மூக்கால் ஒழுகத் தொடங்கியது. தண்ணீர் குடித்தார். "பியூட்டிஃபுல்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டி இன்னும் கறி கேட்டார். கேதீஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு, சொசேஜ் அடுப்படியில் கண்ட அதே சிரிப்பு. அவள் வீட்டு மேசையில், அவள் வைத்த கறிக்கு, ஆனால் கொலினுக்காக. வசந்தினி அகப்பையைப் பிடித்தபடி நின்றாளாம்.

அந்த நேரம் ஆரணி ஓடிவந்து, விழுந்த பல்லின் ஓட்டையைக் கொலினுக்குக் காட்டினாள்.

"இப்ப எத்தனை வயது உனக்கு?" என்று கேட்டார் கொலின்.

"செவன்!"

கொலின் கையில் இருந்த நண்டுக்காலைக் கீழே வைத்தார். கேதீஸைப் பார்த்து மெல்லமாக, "நிரோஜினியின் வயது, இல்லையா?" என்றார்.

கேதீஸின் முகம் கல்லாகிவிட்டது.

"ஹூ இஸ் நிரோஜினி, டடி?" என்றாள் பிள்ளை.

கொலின் வசந்தினியின் முகத்தைப் பார்த்தார். அவளுக்குத் தெரியாது என்பது அந்த மனுசனுக்கு அப்போதுதான் விளங்கியது. இருந்த சிவப்புக்கு மேலே இன்னும் சிவந்து, மன்னிப்புக் கேட்டு, எழும்பிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லமுடியாது.

வசந்தினி கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டாள். "ஆர் அது?"

"தங்கச்சி."

"ஆற்றை தங்கச்சி?"

"என்ரை. ஏழு வயசிலை செத்துப்போனாள்." கேதீஸ் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தண்ணீரைத் திறந்துவிட்டார்.

"அந்தாளுக்கு எப்ப சொன்னீங்கள்?"

"லொறி ஓடேக்கை."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சில்லை.

அடுத்த நாள் என் வீட்டில் வந்து இருந்து அழுதாள். எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளையின் தங்கச்சிதான் பெண்ணுக்குத் தோழி. மணவறைக்குக் கைபிடித்துக் கூட்டிவருவதும் அவள்தான், தாலி கட்டும்போது பின்னால் நின்று கூந்தலைத் தூக்கிப் பிடிப்பதும் அவள்தான். வசந்தினிக்கு மாமாவின் பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினார்களாம்.

"எனக்குத் தோழியாய் நிண்டிருக்க வேண்டியவள் அக்கா. அவளின்ரை பேர் பக்கென்ஹாமிலை பைப் பூட்டுறவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

செத்த பிள்ளைக்காக அழுகிறாளா, கொலினை நினைத்து அழுகிறாளா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. மாமாவிடம் போனில் கேட்டாள். "அது அவன் சொல்லவேண்டியது பிள்ளை. அவனே தனி எண்டு சொல்லு மாமா எண்டு கேட்டவன். நான் என்னெண்டு சொல்லுறது?" என்று அவர் வைத்துவிட்டார்.

காம்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது வாயைத் திறந்தாள். "நானோ ஆமியோ, ஒண்டைச் சொல்லுங்கோ."

கேதீஸ் கனநேரம் யோசிக்கவில்லை. "சரி. விடுறன். இந்தக் காம்போடை எழுதிக் குடுக்கிறன்" என்றார்.

கேட்டது கிடைத்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மாளாச்சிக்கு அர்ச்சனை செய்துவிட்டு மடப்பள்ளியில் என்னோடு இருந்து உள்ளி உரித்தாள். உரித்துக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, இவர் ஆமியை விட்டால் கொலினைப் பாக்கமாட்டார். பாக்காட்டி அந்தப் பிள்ளையின்ரை பேரை ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டார். இவ்வளவு காலம் எனக்குச் சொல்லாதவர் இனியோ சொல்லப்போறார்? பிறகு எல்லாம் கொலினோடையே இருந்திடும். எனக்கு என்ன மிஞ்சும்?"

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"கொலினுக்குக் குடுத்தது எனக்கும் வேணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "லொறிக்குள்ளைதானே சொன்னவர். முகத்தைப் பாக்காமல், ரோட்டைப் பாத்துக்கொண்டு. எங்கடை காரும் ஓடுற சாமான்தானே."

பொறாமை கெட்ட குணம் என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது கெட்டதாக எனக்குப் படவில்லை. பசி மாதிரி இருந்தது.

காம்ப் நடப்பது பக்கபன்யாலில். சீமோர் ஊருக்குப் பக்கம், எங்கள் இடத்திலிருந்து இரண்டு மணித்தியாலம். எப்போதும் கொலின்தான் வந்து ஏற்றிக்கொண்டு போவார். "வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் வாறன்" என்றாள் வசந்தினி.

"திரும்பி என்னெண்டு வருவீர்? நீர் ஹைவேயிலை ஓடினதே இல்லையே."

உண்மை. அவள் கார் ஓடுவது சந்தைக்கும் கோயிலுக்கும்தான். "அது என்ரை பாடு" என்றாள். ஆரணியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

நகரம் தாண்டி, கிறெய்கிபேர்ண் கழிந்து புல்வெளி தொடங்கினபோது அவள் சொன்னாள். "நான் கேக்கப்போறன். நீங்கள் என்னைப் பாக்கவேண்டாம். ரோட்டைப் பாத்துச் சொல்லுங்கோ."

கேதீஸ் இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மல்லாவியில் மழைக்காலம். மலேரியா. பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்துவிட்டது, மற்ற இடத்துக்குக் கொண்டுபோங்கோ என்றார்கள். தாயும் காய்ச்சலில் கிடந்தா. இவருக்குப் பதின்மூன்று வயது. தங்கச்சியைச் சைக்கிள் கரியரில் ஏற்றி, விழாமல் இருக்கத் தாயின் சேலையால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சேற்று ரோட்டில் மிதித்தார். "அந்த ரோட்டாலை ஒரு லொறி வந்திருந்தால் போதும். ஒண்டும் வரேல்லை" என்றார். போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது.

வசந்தினி அழுதாள். அழுது மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டாள். "இவ்வளவும் கொலினுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"அழுகையோடை அழுகையாய் எரிச்சலும் வந்தது அக்கா. அம்மாளாச்சிதான் என்னை மன்னிக்கவேணும்" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று காருக்குள் அவரைக் கேட்டாள்.

"முதலிலை சொல்லத் தெரியேல்லை. பிறகு ஆரணி வந்திட்டாள். அவள் வளர வளர, அந்தப் பேரை வீட்டுக்கை சொல்லப் பயமாயிருந்தது. வீட்டுக்கை சொன்னால் வீட்டுக்கை வந்திடும் மாதிரி."

சீமோர் திருப்பம் வந்தது. திரும்பினார்கள். தூறல் பிடித்துக்கொண்டது. காம்ப் வாசலுக்கு முன்னால் மற்ற வாகனங்களோடு காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். இறங்குவார் என்று பார்த்தாள். இறங்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

"அவள் பெரிய எரிச்சல்காரி" என்றார். "பக்கத்து வீட்டுப் பொடியனைச் சைக்கிள் பாரிலை முன்னுக்கு வச்சு ஓடினால் அண்டைக்கு முழுக்க மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிவாள். அண்டைக்கும் அதுதான். தன்னை முன்னுக்கு வைக்காமல் பின்னுக்குக் கட்டிப்போட்டன் எண்டு கோபம். கொஞ்சத் தூரம் முனகிக்கொண்டு வந்தாள். பிறகு சத்தத்தைக் காணேல்லை. கோபத்திலை பேசாமல் இருக்கிறாள் எண்டு நினைச்சன். 'இரடி, இரு, எவ்வளவு நேரம் இருக்கிறாய் பாப்பம்' எண்டு சொல்லிச் சொல்லி மிதிச்சன்."

வசந்தினி அவர் பக்கம் திரும்பினாள்.

"நீர் கோவிச்சுக்கொண்டு பேசாமல் இருக்கேக்கை" என்றார், "எனக்கு வீட்டுக்கை இருக்கேலாது. அதுதான் வெளிக்கிட்டுப் போறது. கொலினிட்டை எண்டு போறேல்லை."

அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். அந்தப் பச்சைச் சட்டையை உடம்போடு அவள் தொட்டது அதுதான் முதல் தரமாம். "இனிப் பேசாமல் இருக்கமாட்டன். ஏசுவன். நல்லா ஏசுவன். தெருவுக்குக் கேக்க ஏசுவன்."

"ஏசும்" என்றார். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வாயோரத்தில் வந்தது. "ஏசினால் பரவாயில்லை."

"எழுதிக் குடுக்கிறன் எண்டீங்களே, அது வேண்டாம். அடுத்த காம்புக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு வருவன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இப்ப சொன்னது கொலினுக்குத் தெரியுமோ?"

"இல்லை. அவருக்குச் சொல்லேல்லை."

"சொல்லவேண்டாம்."

"சொல்லமாட்டன்."

"சாமி சத்தியமாய்?"

"சத்தியமாய்."

அந்த நேரம் யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். கொலின். தோளில் பெரிய பை, இரண்டு கையிலும் கோப்பிக் குவளை, ஒரு முழங்கையால் தட்டியிருக்கிறார். தூறலில் நனைந்துகொண்டு குனிந்து பார்த்துச் சிரித்தார். கேதீஸின் கை கதவுப் பக்கம் போனது. வசந்தினி எட்டிக் கதவுப் பூட்டை டக்கென்று அமத்தினாள்.

"நிக்கட்டும்" என்றாள். "அந்தச் சைக்கிளுக்குப் பிறகு என்ன நடந்தது? அதையும் சொல்லிப்போட்டு இறங்குங்கோ."